பல்ஸ் மைக்ரோவேவ் பிளாஸ்மா: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்பன் டை ஆக்சைடை மைக்ரோவேவ் பிளாஸ்மாவில் (மைக்ரோவேவால் எலக்ட்ரான்களும் அயனிகளுமாகப் பிரிந்த வாயுவில்) உடைத்து கார்பன் மோனாக்சைடு எடுக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் அன்று செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். குளிர்நீரைத் திறக்க மறப்பது, குவார்ட்ஸ் குழாயை உருக்கிவிடுவது எல்லாம் ஒரே முறையில் பாடமாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மீட்டர் காட்டும் வாட்டை நம்புவது

இன்னும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். பிளாஸ்மாவைத் தொடர்ச்சியாக எரியவிட்டு, அலை திரும்பாமல் உள்ளே போகும்படி சரிசெய்யும் ட்யூனரைத் திருகி, திரும்பி வரும் பவரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அப்புறம் பல்ஸுக்கு, அதாவது பவரை விட்டுவிட்டுக் கொடுப்பதற்கு, மாற்றிவிட்டு அதே பூஜ்யத்தைக் கணக்கில் போடுகிறார்கள். ஒவ்வொரு பல்ஸும் தொடங்கும்போது குழாயில் போதுமான எலக்ட்ரான்கள் இருப்பதில்லை. அவை பெருகும்வரை 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையின் பெரும்பகுதி திரும்பிப் போய், அதை மூலத்தை அடையவிடாமல் திசைதிருப்பும் சர்குலேட்டரின் தண்ணீர் லோடைத்தான் சூடாக்குகிறது.

ஒரு மாணவர் பல்ஸின் நீளத்தையும் ஆற்றல் திறனையும் (கொடுத்த ஆற்றலில் எவ்வளவு மூலக்கூறுகளை உடைக்கப் பயன்பட்டது என்பதையும்) வரைபடமாக்கிக் கொண்டுவந்தார். பல்ஸ் குறையக் குறையத் திறன் சரிந்தது. குறுகிய பல்ஸ் உதவாது என்று முடிவும் எழுதியாயிற்று. ஆசிலோஸ்கோப்பை மாட்டிப் பார்த்தால், ஒவ்வொரு பல்ஸிலும் முதல் 20 மைக்ரோவினாடி பவர் ஏறக்குறைய முழுவதும் திரும்பி வந்தது. 200 மைக்ரோவினாடி பல்ஸில் அது பத்தில் ஒரு பங்கு, 40 மைக்ரோவினாடி பல்ஸில் சரிபாதி. கணக்கைத் திருத்தியதும் சரிவின் பெரும்பகுதி மறைந்தது. பல மாத உழைப்பு, அதில் வேதியியலே இல்லை!

டைரக்‌ஷனல் கப்ளரில் (போகும் அலையையும் திரும்பும் அலையையும் தனித்தனியே கொஞ்சம் பிரித்தெடுக்கும் கருவியில்) வேகமான டயோடு டிடெக்டர்கள் இரண்டைப் பொருத்துங்கள். போகும் பவரையும் திரும்பும் பவரையும் நேரத்தோடு பதிவுசெய்து, கழித்து, பல்ஸ் முழுவதற்கும் கூட்டுங்கள். டயோடின் மின்னழுத்தம் மிகக் குறைந்த பவரில் மட்டுமே பவருக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அதற்கு மேலே அளவீட்டு வளைவு இல்லாமல் அந்த எண்ணைத் தொடாதீர்கள்.

1980களில் மாஸ்கோவின் குர்ச்சாத்தோவ் அணுசக்தி நிறுவனத்திலிருந்து 80 சதவீதத்துக்கும் மேலான திறன் கிடைத்ததாகச் செய்தி வந்தது. பின்னாளில் ஐரோப்பிய ஆய்வகங்கள் முயன்றும் அதை எட்டவில்லை. அதனால் திறன் என்று யார் ஒரு எண்ணைச் சொன்னாலும் பவரை எங்கே அளந்தீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

கார்பன் மோனாக்சைடு அலாரம்

அது இல்லாமல் தொடங்காதீர்கள்.

பல்ஸ் இடைவெளி

இடைவெளி நீண்டால் வாயுவின் ஒரு பகுதி பிளாஸ்மாவைச் சந்திக்காமலே குழாயைக் கடந்துவிடும். ஓட்ட வேகத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

வாயு பெருகுவதை மறப்பது

ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு உடைந்தால் ஒரு கார்பன் மோனாக்சைடும் அரை ஆக்சிஜனும் வரும், அதாவது ஒன்று ஒன்றரை ஆகிறது. வெளிவரும் வாயுவில் 80 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு மிஞ்சியிருந்தால், உடைந்தது 20 சதவீதம் இல்லை, 14.3 சதவீதம்தான். ஆற்றல் திறனும் அதே அளவுக்கு வீங்கித் தெரியும்.