டிங்கி: புகை அடிக்கிற வண்டி வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள்

எங்கள் கோலாலம்பூர் செந்தூல் பிளாட்டில் யாருக்காவது டிங்கிக் காய்ச்சல் (டெங்கு) என்றால் எல்லாரும் முதலில் கேட்பது, “புகை அடிக்க எப்ப வருவாங்க?” என்றுதான். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். உங்கள் குளியலறை வாளியில் நெளிகிற புழுவை அது ஒன்றும் செய்யாது, சில நாளில் அதுவும் கொசுவாகி வெளியே வந்துவிடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும், அதனால்தான் வாரத்துக்கு ஒரு தடவை, பத்து நிமிடம் வீட்டில் தேங்கிய தண்ணீரைத் தேடிப் பாருங்கள் என்கிறார்கள். ஒரு நாளை முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். எனக்கு ஞாயிறு காலை, பசியாறுவதற்கு முன்னால்.

கையில் ஒரு டார்ச் லைட்டும் பழைய பிரஷ்ஷும் போதும். சாமி மேடையிலிருந்து ஆரம்பியுங்கள்: சொம்புத் தண்ணீர், பூ மிதக்கவிடும் உருளி. அப்புறம் மணி பிளான்ட் பாட்டில், துளசித் தொட்டிக்குக் கீழே உள்ள தட்டு, பாத்திரம் கவிழ்க்கும் ரேக்கின் அடித்தட்டு. ஐஸ் பெட்டியின் பின்பக்கத் தட்டை மறக்கவே வேண்டாம், என் வீட்டிலேயே புழு கிடைத்தது அங்கேதான். வெளிச்சம் பட்டதும் நூல் துண்டு மாதிரி இருந்தவை சட்டென்று வளைந்து நெளிந்து அடிக்குப் போனதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன், ஏனென்றால் அந்த வாரம்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளையை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். காய்ந்து கிடந்தாலும் அது மாதக்கணக்கில் தாங்கும், மறுபடி தண்ணீர் பட்டால் பொரிந்துவிடும். ஆகவே உள்ளே சுற்றிலும் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். புழு இருக்கிற தண்ணீரைக் கால்வாயில் ஊற்றாதீர்கள், அங்கேயும் அது பிழைத்துக்கொள்ளும், காய்ந்த மண்ணிலோ வெயில் படும் சிமெண்டுத் தரையிலோ ஊற்றுங்கள்.

தண்ணீர் தடை வரும் என்று பெரிய தோம்பில் (தொட்டியில்) பிடித்து வைப்பவர்கள் இறுக மூடி வையுங்கள், அல்லது கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து போடுங்கள். பத்து லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கு.

ஒரு வீடு மட்டும் சுத்தமாக இருந்து பயனில்லை. உங்கள் மாடியில் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு படிக்கட்டின் கீழ், மொட்டை மாடி, ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டின் வெளிப்பக்கம் எல்லாம் பாருங்கள். கதவைத் தட்டும்போது “உங்க வீட்ல கொசு இருக்கு” என்று தொடங்காதீர்கள், “அக்கா, எங்க வீட்ல புழு கண்டுபிடிச்சோம், உங்க வீட்லயும் ஒரு தடவ பாத்துடலாமா?” என்றால் பெரும்பாலும் கதவு திறக்கும். சுகாதார அதிகாரிகள் வந்தாலும் உள்ளே விடுங்கள், வீட்டைச் சோதிக்கவும் கம்பவுண்டு (அபராதம்) போடவும் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு அதிகாரம் தருகிறது.

புகை அடிக்க வரும் அன்று ஜன்னல் கதவைத் திறந்து வையுங்கள், சாப்பாட்டை மூடுங்கள், பிள்ளைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் கூட்டிக்கொண்டு வெளியே போய் நில்லுங்கள்.

காய்ச்சல் வந்தால் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதார கிளினிக்) போய் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். டிங்கி என்று சந்தேகம் வந்தாலே 24 மணி நேரத்துக்குள் மருத்துவர் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், உங்கள் வட்டாரத்தில் கொசு ஒழிப்பு வேலை தொடங்குவதே அதை வைத்துத்தான். சிலர் கடையில் மருந்து வாங்கிச் சமாளிக்கிறார்கள், அது சரியில்லை. காய்ச்சலுக்குப் பெனடால் (பாராசிட்டமால்) மட்டும் எடுங்கள், ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம், இரத்தக் கசிவு கூடிவிடும்.

மூன்றாம் நாளுக்கு மேல் காய்ச்சல் விட்டதும் “சரியாயிருச்சு” என்று நினைத்துவிடாதீர்கள், ஆபத்தான நேரமே அப்போதுதான் தொடங்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் நான்காம் நாள் உடம்பு குளிர்ந்தது, அன்று மாலையே வயிற்று வலியும் வாந்தியும். கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், எழ முடியாத சோர்வு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள், விடியட்டும் என்று பார்க்காதீர்கள்.