ஊரில் எடுத்த வீடியோவை டிவிடியாக்கி, கிளம்பும் முன் கொடுத்துவிட்டு வருவது எப்படி

கொங்கு நாட்டுக்கு விடுமுறையில் சென்று, திருமணச் சீர்களையும் மாரியம்மன் நோம்பியையும் கேமராவில் பிடித்துக்கொண்டு திரும்பும் நம்மவர்களில் பெரும்பாலோர், அவற்றை இணையத்தில் ஏற்றி வாட்ஸப்பில் இணைப்பை அனுப்புவதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். தாராபுரம் பக்கத்துத் தோட்டத்துச் சாளையில் இருக்கும் எண்பது வயது அம்மாயிக்கு அந்த இணைப்பினால் ஒரு பயனும் இல்லை. அவர் கைக்குப் பழகியது பழைய டிவிடி பிளேயரின் ரிமோட் மட்டும்தான். முதல் தடவை நான் கேமராக் கோப்புகளை அப்படியே ஒரு வட்டில் நகலெடுத்துக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். அந்தப் பிளேயர் அதைப் படிக்கவே இல்லை என்ற செய்தி மூன்று வாரம் கழித்துத்தான் எனக்கு வந்து சேர்ந்தது. ஆகவே வட்டை ஊரில் இருக்கும்போதே தயாரித்து, அவர்கள் வீட்டுப் பிளேயரிலேயே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பதை மனத்தில் வைத்து மற்றவற்றைத் திட்டமிடுங்கள்.

இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் டிவிடி டிரைவ் கிடையாது. யூஎஸ்பியில் இணைக்கும் டிவிடி ரைட்டர் ஒன்றையும் பத்துக் காலி வட்டுகளையும் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். சிறிய ஊர்களில் காலி வட்டுக்கு இப்போது கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருக்கும். கேமராவின் உபரி பேட்டரிகளைக் கைப்பையில்தான் எடுத்துச்செல்ல வேண்டும். இந்திய மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால், சார்ஜரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும்.

அந்த 50 ஹெர்ட்ஸ் படப்பிடிப்பிலும் தலையிடும். டியூப்லைட் நொடிக்கு நூறு முறை மினுக்குவதால், அமெரிக்காவிலோ கனடாவிலோ வாங்கிய, நொடிக்கு 60 சட்டம் (ஃபிரேம்) பதியும் கேமராவில் மண்டபத்துக்குள் எடுத்தால், படத்தில் பட்டை பட்டையாக ஓடும். ஷட்டர் வேகத்தை 1/100 என்று நிறுத்திவிட்டால் பெரும்பாலும் அது மறைந்துவிடும். சீரியல் செட் விளக்குகளுக்கு மட்டும் இந்த உத்தி எப்போதும் பலிப்பதில்லை.

ஏவிசிஎச்டி என்ற பதிவு வடிவத்தைப் பயன்படுத்தும் கேமராக்கள் பெரும்பாலும் நொடிக்கு 24 மெகாபிட் வரை பதியும். அந்த அளவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 10.8 ஜிபி ஆகும், வட்டோ 4.7 ஜிபிதான், விண்டோஸ் அதையும் 4.38 என்றே காட்டும். அதோடு, வீட்டுப் பிளேயர் எதிர்பார்ப்பது எம்பெக்-2 வடிவத்தில், வீடியோ_டிஎஸ் என்ற கோப்புறைக்குள் அடுக்கப்பட்ட கோப்புகளை. என் முதல் வட்டு படிக்காமல் போனதற்கு இதுதான் காரணம். ஹேண்ட்பிரேக் நல்ல இலவச மென்பொருள்தான் என்றாலும், அது தருவது எம்பி4, எம்கேவி போன்ற கோப்புகளையே. டிவிடி கட்டமைப்பை அது உண்டாக்காது. அந்த வேலைக்கு டிவிடிஸ்டைலர் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்கும். ஊருக்குக் கிளம்பும் முன்பே இதை நிறுவி ஒரு முறை பழகிக்கொள்ளுங்கள்.

புதிய திட்டம் தொடங்கும்போது டிவிடிஸ்டைலர் முதலில் கேட்பது, இந்தியத் தொலைக்காட்சி முறையான பி.ஏ.எல்.லா, வட அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி.யா என்பது. (எழுத்தெழுத்தாக எழுதுவதற்குக் காரணம் உண்டு, சேர்த்து எழுதினால் நம் ஊரில் கறவைப் பால் என்றே வாசிப்பார்கள்.) முந்தையது 720×576 புள்ளிகளும் நொடிக்கு 25 சட்டமும் கொண்டது, பிந்தையது 720×480, நொடிக்கு 29.97 சட்டம். இந்தியாவில் ஓட வேண்டும் என்பதற்காக 30 அல்லது 60 சட்டத்தில் எடுத்த படத்தை 25 சட்டமாக மாற்றினால், கும்மி அடிப்பவர்களின் கையும் காலும் வெட்டி வெட்டி நகர்வது போலத் தெரியும். இந்தியாவில் விற்கப்பட்ட பிளேயர்களில் பெரும்பாலானவை இரு முறைகளையும் ஓட்டும் என்பதால், எடுத்த முறையிலேயே விட்டுவிடுவதுதான் என் வழக்கம். அந்த வீட்டில் ஓடாவிட்டால் மட்டும் மாற்றுகிறேன். மண்டலக் குறியீடு (ஒரு பகுதியில் விற்ற வட்டை வேறு பகுதிப் பிளேயரில் ஓடவிடாத பூட்டு) பற்றிக் கவலை வேண்டாம், வீட்டில் தயாரிக்கும் வட்டுகளுக்கு அந்தத் தடை இல்லை.

அடுத்தது பிட் வீதம், அதாவது ஒரு நொடிப் படத்துக்கு எவ்வளவு தரவு என்பது. ஒலியும் சேர்த்து, ஒரு மணி நேரப் படத்துக்கு நொடிக்கு 8 மெகாபிட் தாராளமாகக் கொடுக்கலாம். ஒன்றரை மணிக்கு 6.5, இரண்டு மணிக்கு 5. அதற்குக் கீழே போனால் மணவறைப் பூ அலங்காரம் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும், ஆகையால் நீளமான கல்யாணத்தை இரண்டு வட்டாகப் பிரித்துவிடுங்கள். கேமரா ஒரே காட்சியைப் பல கோப்புகளாக உடைத்து வைத்திருந்தால், ஷாட்கட் என்ற இலவசப் படத்தொகுப்பு மென்பொருளில் வரிசையாக ஒட்டி ஒரே கோப்பாக்கிக்கொள்ளலாம். வெட்டும்போது கொஞ்சம் கையைக் கட்டுப்படுத்துங்கள்: இணைச்சீரும், அருமைக்காரர் செய்யும் சடங்குகளும், மங்கல வாழ்த்தும் நமக்கு நீளமாகத் தோன்றும், பெரியவர்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பதோ அவற்றைத்தான். பந்தியில் சாப்பிடுபவர்களை வேண்டுமானால் குறைக்கலாம். அதிலும் சொந்தக்காரர் யாரையாவது விட்டுவிட்டால் பேச்சு வரும்.

அலங்கார மெனு எதுவும் வேண்டாம். வட்டைப் போட்டதும் படம் தானாக ஓடட்டும்; ஐந்து நிமிடத்துக்கு ஒரு அத்தியாயக் குறி இருந்தால், ரிமோட்டில் தாவிச்செல்ல அது போதும். நேரே வட்டில் எழுதாமல் முதலில் வட்டின் முழு உள்ளடக்கத்தையும் கொண்ட ஐஎஸ்ஓ கோப்பாக உருவாக்கி, விஎல்சி என்ற வீடியோ பிளேயர் மென்பொருளில் திறந்து பார்த்த பிறகு, 4எக்ஸ் அல்லது 8எக்ஸ் வேகத்தில் எழுதுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள்களை நாளிதழில் பார்த்துக்கொண்டு, மடிக்கணினியின் பேட்டரி நிறைந்திருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள். எழுதும்போது பாதியில் நின்ற வட்டு குப்பைக்குத்தான். வட்டின் மேல் தாள் ஒட்டினால் அது சுழலும்போது நிலை தவறக்கூடும் என்பதால், நிகழ்ச்சியையும் தேதியையும் மார்க்கர் பேனாவால் எழுதினால் போதும்.

அம்மாயியின் பிளேயரில் முதல் நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். பிழைகள் பெரும்பாலும் வட்டின் வெளி ஓரத்தில், படத்தின் கடைசிப் பகுதியில்தான் தலைகாட்டும். மூலக் கோப்புகள் உங்கள் ஹார்டு டிஸ்கில் அப்படியே இருக்கட்டும், டிவிடிக்காகச் சுருக்கிய படத்திலிருந்து பழைய தெளிவை மீட்க முடியாது. மாமன் வீட்டுக்கும் ஒரு படி எழுதிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த நோம்பிக்கு வருகிற விருந்தாளி யாராவது, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று அம்மாயியின் வட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.