சாரா குட் வழக்கின் தாள்களைப் படிக்கும் முறை

வட அமெரிக்காவில் ஆங்கிலேயரின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1692-இல் நடந்த சேலம் சூனிய வழக்குகளின் (நம்மூர்ச் சேலத்துக்கும் இதற்கும் பெயரொற்றுமை மட்டுமே உண்டு) மூல ஆவணங்களைப் படிக்க விரும்புவோர், தூக்கிலிடப்பட்ட 19 பேரின் தாள்களையும் ஒருசேரப் புரட்டாமல், ஒரு பெண்ணை மட்டும் இறுதிவரை பின்தொடர்வதே நல்லது. முதலில் குற்றம்சாட்டப்பட்ட மூவரில் ஒருவரான சாரா குட் இதற்கு ஏற்றவர்.

தேதியை முதலில் சரிபார்க்க வேண்டும். அக்கால ஆங்கிலேயருக்கு ஆண்டு மார்ச் 25-இல் பிறந்ததால், பிப்ரவரி 29 அன்று எழுதப்பட்ட பிடியாணையின் ஆண்டு 1691/92 என்றிருந்தால் அது நம் கணக்கில் 1692. பெயர்களும் ஏமாற்றும், சாராவின் சிறுமகள் டாரத்தி, அவளுக்கான பிடியாணையில் டார்கஸ் ஆகிவிட்டாள். சூனியம் என்றதும் நமக்குச் செய்வினையும் ஏவலும் நினைவுக்கு வரும். அங்கே சூனியத்துக்கு அடிப்படையாகக் கருதப்பட்டது, சாத்தானோடு செய்துகொள்ளும் உடன்படிக்கையே.

மார்ச் 1 விசாரணைப் பதிவை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரு தாளை மேலிருந்து கீழாக மூன்று நெடுவரிசையாகப் பிரித்து, கேள்வி, பதில், எழுத்தரின் சொந்தச் சொல் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். மாஜிஸ்திரேட் ஜான் ஹாதார்னின் முதல் கேள்வியே "எந்தத் தீய ஆவியோடு உனக்குப் பழக்கம்?" என்பது, ஆவி உண்டா என்று அவர் கேட்கவில்லை. "எதோடும் இல்லை" என்கிறார் சாரா. சூனியத்தால் வதைபடுவதாகச் சொல்லப்பட்ட பிள்ளைகளை ஏன் வதைக்கிறாய் என்றதற்கு, தாம் வதைக்கவில்லை, அப்படிச் செய்வதையே இகழ்வதாகச் சொல்கிறார். பதிவின் முடிவில் எழுத்தர் எசேக்கியேல் சீவர், சாராவின் பதில்கள் வன்மமானவை என்றும் பல பொய்களில் அவர் அகப்பட்டார் என்றும் தாமாகவே சேர்க்கிறார். மூன்றாம் நெடுவரிசையை நிரப்பிய பிறகுதான், நாம் கேட்பது பாதி சீவரின் குரல் என்பது விளங்கும்.

சாட்சியங்களில், சாராவின் ஆவியுருவம் வந்து தங்களை வருத்தியது என்பவற்றுக்குத் தனிக் குறியிடுங்கள். உடல் வேறிடத்தில் இருந்தது என்று நிறுவினாலும் இவற்றை மறுக்க முடியாது. முதல் மூவரில் இன்னொருவரான டிடூபா குற்றத்தை ஒப்புக்கொண்டு உயிர் பிழைத்ததையும், மறுத்த சாரா ஜூலை 19 அன்று தூக்கிலேறியதையும் அருகருகே எழுதிவையுங்கள்.

பலர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்கள் பின்னாளில் இழப்பீடு கேட்டுக் கொடுத்த மனுக்களையும் பார்க்க வேண்டும். சாராவின் கைக்குழந்தை அவருக்கு முன்பே சிறையில் இறந்தது அங்கேதான் பதிவாகியிருக்கிறது. அந்த மனுவைக் கொடுத்து 30 பவுண்டு பெற்றவர் கணவர் வில்லியம் குட். மார்ச் 1 அன்று, தம் மனைவி சூனியக்காரி, இல்லையேல் விரைவில் ஆகிவிடுவாள் என்று அஞ்சுவதாகச் சொன்னவரும் அவரே.