மரத்தரைக்குப் பூச்சு: வாங்கும் முன்னால் யோசிக்க வேண்டியவை

கீறல் விழுந்த பிறகு என்ன செய்யப் போகிறோம்? பூச்சு வாங்கும் முன் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பின்னால் வரும் வருத்தங்களில் பாதி இதனால்தான்.

பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் போன்ற பூச்சு மரத்தின் மேல் கெட்டியான படலமாகப் படியும். தண்ணீர் சிந்தினாலும் நாற்காலியை இழுத்தாலும் நன்றாகத் தாங்கும். ஆனால் படலம் ஓரிடத்தில் தேய்ந்துபோனால், அங்கே மட்டும் பூசிய திட்டு தனியாகக் கண்ணில் படும். பெரும்பாலும் அறை முழுவதையும் தேய்த்துப் பூச வேண்டிவரும். எண்ணெய்ப் பூச்சு மரத்துக்குள் இறங்கிவிடும். ஈரத்தையும் கறையையும் அந்த அளவு தாங்காது, அவ்வப்போது மறுபடி தடவ வேண்டும். ஆனால் கீறல் விழுந்த இடத்தை மட்டும் லேசாகத் தேய்த்து, துணியால் எண்ணெய் தடவினால் போதும். கூடத்துக்கு ஒன்று, படுக்கையறைக்கு வேறொன்று என்று பூசுவதிலும் தப்பில்லை.

டப்பாவில் உள்ள படத்தைப் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள். எண்ணெய் கலந்த பாலியூரிதேன் தேன் நிறம் தரும், நாளாக ஆக இன்னும் மஞ்சளாகும். தண்ணீர் கலந்த வகை ஏறக்குறைய நிறமில்லாமலே இருக்கும். அதே மரத்தின் மிச்சப் பலகையை, தரையைத் தேய்த்த அதே உப்புத்தாளால் தேய்த்து இரண்டு கோட் பூசுங்கள். பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பாருங்கள்.

பழைய தரையா? மெழுகு இருந்தால் பாலியூரிதேன் ஒட்டாது, உரிந்து வரும். வெள்ளைத் துணியில் டர்பன்டைன் நனைத்து ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். பழுப்பாகப் பிசுபிசுவென்று வந்தால் அது மெழுகாக இருக்கலாம், முதலில் அதை முழுக்க எடுக்க வேண்டும். தேக்கு, ஈட்டி போன்ற மரங்களில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. சில பூச்சுகள் அதன்மேல் காயாமல் பிசுபிசுவென்றே இருக்கும், சோதித்துப் பார்க்காமல் இறங்க வேண்டாம்.

வெளிப்புற வார்னிஷ் வெயில் மழையைத் தாங்குவதால் தரைக்கும் உறுதி என்று நினைப்பது தவறு. மரம் விரிந்து சுருங்க இடம் கொடுக்க, அந்த வார்னிஷைச் சற்று மென்மையாகவே செய்கிறார்கள். பளபளப்பைப் பற்றி என்னைக் கேட்டால், பாதிப் பளபளப்போ, மின்னாத 'மேட்' வகையோ போதும். கண்ணாடி போல மின்னும் தரையில் ஒவ்வொரு கீறலும் தெரியும்.

அப்புறம், தொட்டால் காய்ந்திருப்பது வேறு, இறுகுவது வேறு. தண்ணீர் கலந்த பாலியூரிதேன் முழுதாக இறுக ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும், எண்ணெய் கலந்த பாலியூரிதேனுக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். அதுவரை கம்பளம் விரிக்காதீர்கள்.

எண்ணெய்ப் பூச்சு என்றால் துடைத்த துணியில் கவனம் வேண்டும். பல எண்ணெய்ப் பூச்சுகளில் உள்ள ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், கசக்கிக் குவித்த துணி தானாகவே தீப்பிடிக்கலாம். வேலை முடிந்ததும் ஒவ்வொரு துணியையும் வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், இல்லையென்றால் மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள்.