பின்னாலிருந்து இடிபட்ட பைக்: பிறகு செய்யக் கூடாத தவறுகள்

வில்லுக்குறிக்கும் தக்கலைக்கும் இடையே, தேசிய நெடுஞ்சாலை 66-ஐ ஒட்டி ஓர் இருசக்கர வாகனப் பட்டறை நடத்திவருகிறேன். கேரளத்துக்குக் கல் ஏற்றிச் செல்லும் டாரஸ் லாரிகளும், கைகாட்டிய இடத்திலெல்லாம் நிற்கும் மினி பஸ்களும், கன்னியாகுமரிக்கு விரையும் சுற்றுலாக் கார்களும் ஒரே குறுகிய சாலையில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு போவதால், பின்பக்கம் நசுங்கிய பைக்குகள் என் பட்டறைக்குப் புதியவை அல்ல. கடந்த வாரம் கல்லூரி மாணவர் ஒருவர் தம் தாய்மாமனுடன் அப்படிப்பட்ட பைக் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின் ரிம் முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது. அவருடைய இடது மணிக்கட்டில் கட்டு இருந்தது. எப்படி இடித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் என்ன சொன்னாய் என்றுதான் கேட்டேன். “வண்டி சறுக்கி விழுந்திட்டேண்ணு சொன்னேன் அண்ணே” என்றார். பல ஆண்டுகளுக்கு முன் நான் சொன்ன அதே பொய்.

இடித்த வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், படம் எடுங்கள், 108-ஐ அழையுங்கள் என்பவற்றை எல்லோரும் அறிவர் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

“சறுக்கி விழுந்தேன்” என்று மருத்துவமனையில் சொல்வது

2009 ஜூன் மாதத்தின் ஒரு மழை மாலையில், குமாரகோவில் விலக்கு அருகே முன்னால் சென்ற பேருந்து நின்றதும் நான் வேகத்தைக் குறைத்தேன். எனக்குப் பின்னால் வந்த கார் குறைக்கவில்லை. தூக்கி எறியப்பட்டு, வலது உள்ளங்கையை ஊன்றித் தார்ச்சாலையில் விழுந்தேன். காரோட்டியவர் பண்பானவர். ஓடிவந்து என்னைத் தூக்கி, தம் காரிலேயே ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். போகும் வழியில் மெல்லத் தொடங்கினார்: “கேசு கீசுண்ணு வேண்டாம் அண்ணாச்சி, லைசென்ஸ் புதுப்பிக்காம கெடக்கு. செலவு முழுக்க நான் பாத்துக்கிடுதேன்.” எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அவசரப் பிரிவில் எப்படி அடிபட்டது என்று கேட்டபோது, பைக் சறுக்கிவிட்டது என்று நானே என் வாயால் சொன்னேன். அதை அவர்கள் எழுதி முடிக்கக் கால் நிமிடம்கூட ஆகியிருக்காது.

எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லை. கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பினார்கள். அவர் மருத்துவமனைக் கட்டணத்தைச் செலுத்தி, பைக் செலவுக்கென்று 2,000 ரூபாயும் என் சட்டைப்பையில் வைத்துவிட்டுப் போனார். ஐந்து வாரங்கள் கழித்தும் ஸ்பானரை இறுக்கும்போதெல்லாம் கட்டைவிரலின் அடிப்பகுதியில் உயிர் போகிற வலி. எலும்பு மருத்துவர் மீண்டும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மணிக்கட்டிலுள்ள ஸ்கேபாய்டு என்னும் சிறிய எலும்பு உடைந்திருக்கிறது என்றார். கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு வழக்கமாக முறியும் எலும்பு அது. முதல் நாள் எக்ஸ்ரேயில் பல சமயம் அகப்படாது என்றும், பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டும் என்றும், அதன் ஒரு பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால் கவனியாமல் விட்டால் கூடாமலே போகும் என்றும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். அறுவை சிகிச்சை செய்து திருகாணி வைத்தார்கள். நான்கு மாதங்கள் பட்டறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பையன்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பண்பானவரின் தொலைபேசி முதலில் “அடுத்த வாரம்” என்றது, பிறகு “எந்த விபத்து?” என்றது, அதன்பின் எடுக்கப்படவே இல்லை.

பத்மநாபபுரம் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞர் ஒருவரிடம் காகிதங்களைக் கொண்டுபோனேன். மருத்துவமனைச் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு, “உங்களை யார் இடித்ததாக இது சொல்லுது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நடைமுறையை விளக்கினால்தான் இது ஏன் இவ்வளவு பெரிய தவறு என்பது புரியும். விபத்தில் அடிபட்டு வருகிறவரிடம் மருத்துவமனையில் கேட்டு எழுதும் விபத்துப் பதிவேட்டுக் குறிப்பு, எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்று சொல்வது, அந்த விபத்தைப் பற்றி எழுத்தில் பதிவாகும் முதல் சாட்சியம். எழுதுகிறவருக்கு உங்களோடும் பகையில்லை, இடித்தவரோடும் உறவில்லை. அதனாலேயே அதற்கு மதிப்பு அதிகம். முதல் தகவல் அறிக்கை, காயச் சான்றிதழ், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கொடுக்கும் இழப்பீட்டு மனு ஆகிய அனைத்தும் பின்னர் அதோடு ஒத்துப்போக வேண்டும். எதிர்த்தரப்புக் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் தேடிப்பிடிப்பதும் அதைத்தான். புகார் கொடுக்கத் தாமதமானது என்பதற்காக மட்டுமே இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் கூறியிருக்கிறது; சிகிச்சையில் இருந்தேன், வீட்டில் வேறு ஆளில்லை என்று தாமதத்துக்குக் காரணம் சொல்லி மீளலாம். ஆனால் நீங்களே முதலில் ஒன்றும் பிறகு வேறொன்றும் சொல்லியிருந்தால், அதிலிருந்து மீளுவது மிகவும் கடினம்.

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது, அந்தப் பொய்யால் எனக்குக் கடுகளவும் நன்மை இல்லை என்பதுதான். விபத்து என்று சொன்னால் வைத்தியம் தாமதமாகும் என்று சிலர் இப்போதும் அஞ்சுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவின்படி, நடைமுறைச் சடங்குகளுக்குக் காத்திராமல் உடனே சிகிச்சை அளிப்பது மருத்துவரின் கடமை. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். விபத்து என்றே சொல்லாதவருக்கு அது எப்படிக் கிடைக்கும்? இடித்தவர் நல்லவராயிற்றே என்று இரங்குகிறவர்களும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும்: உரிமமும் காப்பீடும் செல்லுபடியாக இருந்தால், உங்களுக்கான இழப்பீட்டைத் தருவது அவருடைய காப்பீட்டு நிறுவனம், அவருடைய பை அல்ல. “கேஸ் வேண்டாம்” என்று ஒருவர் மன்றாடும்போது அவ்விரண்டில் ஒன்று இல்லாமல் இருக்கலாம் என்று முதலில் சந்தேகியுங்கள்.

ஆகவே மூன்றைச் சொல்லுங்கள்: பின்னாலிருந்து இடிக்கப்பட்டேன், இடித்தது இன்ன வாகனம், இடமும் நேரமும் இவை. எண் தெரிந்தால் அதையும் சேருங்கள்; தெரியாவிட்டால் ஊகித்துச் சொல்லாதீர்கள். நீங்கள் வலியில் முனகிக்கொண்டிருக்கும்போது உங்களுக்காகப் பேசி விவரம் எழுதவைப்பவர் பெரும்பாலும் உங்களைக் கூட்டிவந்தவர், அதாவது இடித்தவரேதான் என்பதையும் மறவாதீர்கள். எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே தவறாகச் சொல்லிவிட்டிருந்தால், பழைய பதிவைத் திருத்தித் தரும்படி மருத்துவரிடம் கெஞ்சாதீர்கள். அடித்துத் திருத்திய பதிவு பொய்யை விடவும் அசிங்கமாகத் தெரியும். உடனே காவல் நிலையம் சென்று, யார் கேட்டுக்கொண்டதால் அப்படிச் சொன்னீர்கள் என்பதையும் சேர்த்து எழுத்தில் கொடுங்கள்.

வலி தெரியட்டும் என்று காத்திருப்பது

1994 முதல் இழப்பீட்டு மனுவுக்குக் கால வரம்பு இல்லாமல் இருந்தது. 2019-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் அதை மீண்டும் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் மனு கொடுக்க வேண்டும். எண்ணெய் தடவிப் பார்ப்போம், ஒத்தடம் கொடுத்துப் பார்ப்போம் என்று இருந்தால் ஆறு மாதம் ஓடிப்போகும்.

கேரள வண்டி என்று கைவிடுவது

களியக்காவிளைக்கு அப்பால் பாறசாலையில் இடித்திருந்தாலும், கே.எல். எண் கொண்ட வாகனமே இடித்திருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்திலுள்ள தீர்ப்பாயத்திலேயே மனு கொடுக்கலாம். 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, எல்லையைக் காரணம் காட்டிக் காவல் நிலையம் புகாரை மறுக்கவும் முடியாது.

பின்னால் வந்தவர்மீதே முழுத் தவறும் என்று நம்புவது

இடைவெளி விட்டு வருவது பின்னால் வருபவரின் கடமை என்பது உண்மைதான். ஆனால் முன்னால் சென்றவரின் பங்கையும் நீதிமன்றங்கள் கணக்கிடுகின்றன. கோயம்புத்தூரில் 2017-இல் நடந்த ஒரு விபத்தில், நெடுஞ்சாலையில் சைகையின்றித் திடீரென நிறுத்திய காரின் பின்னால் பைக் மோதியது. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் காரோட்டியின்மீது 50 சதவீதப் பொறுப்பைச் சுமத்தியது. பைக்குக்கும் இந்த அளவுகோல்தான். உங்கள் பிரேக் விளக்கு எரியவில்லை என்பதை எதிர்த்தரப்பு நிரூபித்தால், இழப்பீட்டில் ஒரு பங்கு குறையலாம். சர்வீஸுக்கு வரும் பைக்குகளில் எத்தனையோ இந்த ஒரு பல்பு இல்லாமல் ஓடுகின்றன. சொன்னால், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்கும் முன் பழுதுபார்ப்பது

வழக்குக்காகச் சேதத்தைப் பார்த்து எழுதுகிறவர் அவர். அதற்குமுன் செய்யாதீர்கள், என்னிடம் கொண்டுவந்தால் ஸ்பானரைத் தொட மாட்டேன்.

பின்பக்கத்தை மட்டும் மாற்றுவது

மட்கார்டு, டெயில் லைட், ரிம் ஆகியவற்றை மாற்றிவிட்டுப் புறப்பட்டுவிடுகிறார்கள். பின்னால் வாங்கிய அடி, பின்சக்கரத்தைத் தாங்கும் சுவிங் ஆர்ம் வழியாகச் சேசிஸ் வரை போகும்; தள்ளப்பட்ட பைக் முன்னால் எதன்மீதாவது முட்டியிருந்தால் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும், ஹேண்டில் திரும்ப உதவும் கோன் செட்டும் தப்பியிருக்காது. வெல்டிங் இணைப்புகளின் அருகே பெயின்ட் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஹேண்டிலை நேராக வைத்து, இரு சக்கரங்களுக்கும் நூல் பிடித்துப் பாருங்கள். கைப்பிடியைத் தளர்த்தினால் பைக் ஒரு பக்கமாக இழுக்கிறது என்றாலோ, செயின் ஒரு பக்கமாகத் தேய்கிறது என்றாலோ வேலை முடியவில்லை என்று பொருள். சேசிஸ் பெண்டைக் காய்ச்சி அடித்து நிமிர்த்தித் தருகிறேன் என்பவரிடம் பைக்கை விடாதீர்கள்.

தேர்ட் பார்ட்டி பாலிசியை நம்பி பில்லை நீட்டுவது

அது உங்கள் பைக்கின் சேதத்துக்கு ஒரு ரூபாயும் தராது. முழுக் காப்பீடு இருந்தாலும், தேய்மானக் கழிவு இல்லாத பாலிசியாக இல்லாவிட்டால், ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களின் விலையில் பாதி உங்கள் தலையில்.

அடிபட்ட ஹெல்மெட்டை மீண்டும் அணிவது

உள்ளிருக்கும் தெர்மாகோல் ஒரு முறைதான் நசுங்கும்.

அந்த மாணவர் அன்று மாலையே தாய்மாமனுடன் காவல் நிலையம் சென்று, காரோட்டி கேட்டுக்கொண்டதையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மணிக்கட்டுக்கு மறு எக்ஸ்ரே அடுத்த வெள்ளிக்கிழமை. பைக் என் பட்டறையின் மூலையில், அதே முட்டை ரிம்முடன், ஆய்வாளருக்காக நின்றுகொண்டிருக்கிறது.