புளியரைக்கு அந்தப் பக்கம்: பள்ளிப் பிள்ளைகளை மழைக்காட்டுக்குக் கூட்டிப் போவது எப்படி

தென்காசிப் பக்கத்து ஆலங்குளத்துப் பிள்ளையிடம் மழைக்காடு எங்கே இருக்கிறது என்று கேட்டால் அமேசான் என்பான். அடுத்த நொடி அனகோண்டா வந்துவிடும். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போனால் ஒரு மழைக்காடு இருக்கிறது, மாலை போட்டு அந்த வழியாகச் சபரிமலைக்குப் போய்வந்த உன் அப்பா அதைத் தாண்டித்தான் போயிருக்கிறார் என்று சொன்னால் நம்ப மாட்டான். நான் உயிரியல் ஆசிரியை. பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றமும் என் பொறுப்பு. ஒன்பதாம் வகுப்பைப் பல வருடங்களாக அந்தக் காட்டுக்குக் கூட்டிப் போகிறேன். எப்படிப் போவது என்று மற்ற பள்ளி ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

களக்காடு–முண்டந்துறை நம் பக்கமே இருக்கும்போது கேரளா எதற்கு என்று தலைமையாசிரியர் கேட்பார். நியாயமான கேள்விதான். 1988இல் அறிவித்த, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது. ஆனால் நம் சரிவில் அடிவாரம் முழுக்க முள்காடும் இலையுதிர் காடும்தான். மழைக்காடு தொடங்குவது ஏறத்தாழ 700 மீட்டருக்கு மேலே. அவ்வளவு உயரத்துக்கு நாற்பது பிள்ளைகளை ஏற்ற அனுமதி, வண்டி, பாதை எல்லாமே சிரமம். தாழ்நிலத்து மழைக்காடு வேண்டுமானால் மலையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். சுலபமான வழி செங்கோட்டை, எல்லையில் இருக்கும் புளியரை, அப்புறம் கேரளத்து ஆரியங்காவு, தென்மலை. 1984இல் அறிவித்த செந்துருணி வன உயிரினச் சரணாலயம் அங்கேதான் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் காடும் அந்தப் பக்கத்துக் காடும் சேர்ந்ததுதான் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம். யுனெஸ்கோ 2016இல் அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. தலைமையாசிரியரிடம் இதைச் சொன்னால் பெரும்பாலும் சம்மதித்துவிடுவார்.

எப்போது போவது? ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேண்டவே வேண்டாம். குற்றாலத்தில் நமக்குச் சாரல் என்றால் அங்கே அடைமழை, அட்டை, வழுக்கல். கார்த்திகை பிறந்துவிட்டால் மகரவிளக்கு முடியும்வரை அந்தச் சாலை ஐயப்ப பக்தர்களின் வண்டிகளுக்குத்தான். மார்ச்சுக்கு மேல் காட்டுத்தீ பயத்தில் சில இடங்களை மூடிவிடுவார்கள். பொங்கல் விடுமுறை கழிந்து பிப்ரவரி பாதிக்குள் போவது உத்தமம். காலாண்டு விடுமுறையிலும் போகலாம், காளான் நிறையப் பார்க்கலாம், ஆனால் நனையத் தயாராக இருக்க வேண்டும்.

அலுவலக வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்வித்துறை அனுமதி, பெற்றோர் ஒப்புதல் கடிதம், பஸ்ஸுக்கு வெளிமாநிலத் தற்காலிகப் பெர்மிட். இந்தக் கடைசியை டிரைவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள், தாளைக் கண்ணால் பாருங்கள். சரணாலயத்துக்குள் நடக்க தென்மலையில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுத வேண்டும். எந்தப் பாதை, எத்தனை பேர், என்ன கட்டணம் என்று அவர்கள் சொல்வார்கள். வழிகாட்டியும் அவர்கள் ஆள்தான். மலையாளம் பற்றிக் கவலை வேண்டாம், பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் பழகிக்கொள்வார்கள். பஸ் வாடகை கட்டுப்படியாகவில்லை என்றால் ரயில் இருக்கிறது. 1904இல் போட்ட கொல்லம் பாதை 2018இல் அகலப்பாதையாக முழுதும் திறந்துவிட்டது. குகையும் பதின்மூன்று கண் பாலமும் பார்த்த சந்தோஷத்தில் காடே மறந்துபோகும் ஆபத்து மட்டும் உண்டு.

பயணத்துக்கு முதல் நாள் மதியம் பன்னிரண்டு மணிக்குப் பள்ளி மைதானத்தில் ஒரு வேலை செய்யுங்கள். ஆய்வகத்திலிருந்து இரண்டு தெர்மாமீட்டர் எடுத்து, ஒன்றின் குமிழில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி நனையுங்கள். இரண்டையும் நிழலில் தொங்கவிட்டு, அட்டையால் ஐந்து நிமிஷம் விசிறுங்கள். நனைந்தது ஐந்தாறு டிகிரி குறைவாகக் காட்டும். ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, காற்று காய்ந்திருந்தால் சீக்கிரம் ஆவியாகிறது, அவ்வளவுதான். மண்பானைப் பாடத்தில் ஏற்கெனவே படித்ததுதான். மறுநாள் அதே பன்னிரண்டு மணிக்குக் காட்டுக்குள் அதே இரண்டையும் தொங்கவிடும்போது வித்தியாசம் இரண்டு டிகிரிக்கு இறங்கியிருக்கும், சில நாள் அதுவும் இருக்காது. வியர்வை ஏன் காயவே மாட்டேன் என்கிறது என்று அப்போது யாராவது ஒருத்தி தானே சொல்லிவிடுவாள். நான் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை.

இன்னொன்று, நாட்டுமருந்துக் கடையில் கொஞ்சம் வெள்ளைக் குங்கிலியம் வாங்கி வகுப்பில் சுற்றுக்கு விடுங்கள். அதைத் தரும் மரத்தை மறுநாள் காட்டில் நேரில் பார்க்கப் போகிறார்கள்.

பயணத்தில் பாதிப் பாடம் பஸ் ஜன்னலிலேயே இருக்கிறது. அதனால் காலை ஆறு மணிக்குக் கிளம்பினாலும் தூங்க விடுவதில்லை. ஆலங்குளம் தாண்டும்வரை பனையும் உடைமரமும் செம்மண்ணும். பாவூர்சத்திரம் தாண்டித் தென்காசி நெருங்க நெருங்க வயலும் தென்னையும். நம் பக்கம் வருஷத்துக்கு 700 மில்லிமீட்டர் பெய்தாலே நல்ல வருஷம். கணவாய்க்கு அந்தப் பக்கம் 3000 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி ஏறும்போது குளிர்ந்து மழையை அங்கேயே கொட்டிவிடுகிறது, நமக்கு வருவது வெறும் காற்று. ஆரியங்காவில் மலை தாழ்ந்து கணவாயாக இருப்பதால் கொஞ்சம் ஈரம் தப்பி வருகிறது, அதுதான் தென்காசிச் சாரல். சுரண்டைப் பக்கம் காற்றாலைகளை ஏன் நட்டிருக்கிறார்கள் என்று இந்த இடத்தில் கேட்டுவிடுங்கள். செங்கோட்டையில் திருவிதாங்கூர் காலத்து வளைவு வாசலைப் பார்த்ததும் சமூக அறிவியல் ஆசிரியர் எழுந்து செங்கோட்டை நம் பக்கம் சேர்ந்த 1956 நவம்பர் 1 கதையைச் சொல்லத் தொடங்குவார். சொல்லட்டும், புளியரை வரைதான் அவருக்கு நேரம்.

புளியரை தாண்டி வளைவுகளில் ஏறும்போது எலுமிச்சம்பழமும் பையும் கையில் இருக்கட்டும். பஸ்ஸில் பாட்டு இங்கே நிற்க வேண்டும்.

இறக்கத்தில் எல்லாம் பச்சையாகத் தெரியும். பிள்ளைகள் "காடு வந்துட்டு டீச்சர்" என்று கத்துவார்கள். வரவில்லை. முதலில் வருவதில் பெரும்பகுதி தேக்குத் தோட்டமும் ரப்பர் தோட்டமும்தான். சொல்லிக் கொடுக்காமல் கேள்வி மட்டும் கேளுங்கள். எல்லா மரமும் ஒரே பருமனா? வரிசையில் நிற்கிறதா? அடியில் வேறென்ன முளைத்திருக்கிறது? "மரத்துல செரட்டை கட்டிருக்கு" என்று ஒருவன் கண்டுபிடித்ததும் மீதி தானே வந்துவிடும். பச்சையாக இருப்பதெல்லாம் காடு இல்லை என்பதை இந்த இருபது நிமிஷச் சாலை காட்டுவதுபோல எந்தப் புத்தகமும் காட்டாது. சுற்றுலாவில் எதையாவது வெட்ட வேண்டி வந்தால் நான் தென்மலை மான் பூங்காவை வெட்டுவேன், இதை வெட்ட மாட்டேன்.

காட்டுக்குள் எட்டுப் பேருக்கு ஓர் ஆசிரியர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நாற்பது பேரும் ஒரே வரிசையில் போனால் முதல் ஐந்து பேர் பார்த்ததை மற்றவர்கள் பார்க்க மாட்டார்கள். யானை, புலி காட்டுவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். காலடியில் இருப்பதுதான் நிச்சயமாகக் கிடைக்கும்.

கயிற்றால் ஒரு மீட்டர் சதுரம் போட்டு, குழுவை அதைச் சுற்றி உட்கார வையுங்கள். குச்சியால் சருகை ஒவ்வோர் அடுக்காகத் தள்ளிப் பாருங்கள். கையை விடக் கூடாது. மேலே நேற்று விழுந்த இலை, முழுசாக, கொஞ்சம் மஞ்சளாக. அதற்கடியில் ஓட்டை விழுந்த இலை. அதற்கும் அடியில் சதையெல்லாம் போய் நரம்பு மட்டும் வலை மாதிரி நிற்கும் இலை. பிறகு இலைகளை ஒன்றோடொன்று தைத்துவிட்ட வெள்ளை நூல்கள், பூஞ்சை. அந்த நூல்களுக்குள்ளேயே மரத்தின் மெல்லிய வேர்களும் ஏறி வந்திருக்கும். அப்புறம் மண். இத்தனையும் ஒரு விரல் உயரத்துக்குள். இவ்வளவு பெரிய காட்டுக்கு எரு எங்கே இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் மண்ணைக் காட்டுவார்கள். உண்மையில் பெரும்பகுதி நிற்கிற மரத்திலும் இந்தச் சருகிலும்தான் இருக்கிறது. விழுந்தது அழுகி முடிவதற்குள் வேர் மேலே வந்து வாங்கிக்கொள்கிறது. மரத்தை வெட்டி லாரியில் ஏற்றினால் எருவும் சேர்ந்தே போய்விடுகிறது. வேர் ஆழம் போகாததால் பெரிய மரங்கள் கீழே விழாமலிருக்கப் பலகை வேர் விடுகின்றன. அந்த இரண்டு பலகைக்கு நடுவே மூன்று பிள்ளைகள் ஒளிந்துகொள்ளலாம். கட்டாயம் ஒளிவார்கள், முன்னால் வழிகாட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள், பாம்புக்கும் அந்த இடம் பிடிக்கும்.

பார்த்த சருகைத் திரும்ப மூடிவிட வேண்டும். அதே சதுரத்தில் எத்தனை வகை நாற்று என்று எண்ணச் சொல்லுங்கள். அண்ணாந்து பார்த்து எவ்வளவு வானம் தெரிகிறது என்று நோட்டில் வரையச் சொல்லுங்கள். தரைக்கு வந்து சேரும் வெயில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான், அதனால் இந்த நாற்றுகள் வளராமல் வருஷக்கணக்கில் காத்திருக்கின்றன. பக்கத்தில் ஒரு மரம் சாய்ந்து வெளிச்சம் விழுந்தால்தான் இவற்றுக்கு யோகம். ஓர் இலையின் மேல் ஒரு மூடித் தண்ணீர் ஊற்றி, நீண்ட நுனி வழியாக அது வடிவதைக் காட்டுங்கள். வேப்பிலையையும் பக்கத்தில் வைத்து ஊற்றலாமே என்று ஒரு மாணவி கேட்டாள். அதன் பிறகு வேப்பங்கொழுந்து ஒன்றும் பையில் போகிறது.

மரங்களில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று வெள்ளைக் குங்கிலிய மரம். வழிகாட்டி காட்டுவார், பட்டையில் பிசின் வடிந்து உறைந்திருந்தால் அதிர்ஷ்டம். இன்னொன்று செங்குறிஞ்சி, சரணாலயத்துக்கே பெயர் கொடுத்த மரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் மட்டும் வளர்கிறது. மாவும் சேராங்கொட்டையும் இதன் குடும்பம். அந்தக் குடும்பத்தில் பல மரங்களின் பால் பட்டால் தோல் புண்ணாகும் என்பதால், எந்தப் பட்டையையும் கீற வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெயர் செதுக்கும் ஆசையும் இதில் அடங்கிவிடும்.

குளத்துப்புழைப் பக்கம் காட்டு ஜாதிக்காய்ச் சதுப்பு என்று ஓர் அபூர்வமான இடம் உண்டு. சேற்றிலிருந்து வேர்கள் முழங்கால்போல மடங்கி வெளியே நின்று மூச்சு விடும். கூட்டமாகப் போக வேண்டாம் என்பேன். எண்பது கால்கள் மிதித்தால் அந்த வேர் தாங்காது. படம் காட்டினால் போதும்.

அட்டைக்கு வருவோம், பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். முழுக்கால் உடை, நீள சாக்ஸ், கால்சட்டை நுனியை சாக்ஸுக்குள் செருகுவது, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பக்கத்தில் நிற்பவரின் காலைப் பார்ப்பது. இவ்வளவு போதும். புகையிலைத் தண்ணீரில் சாக்ஸை ஊறவைக்கும் வழக்கம் பெரியவர்களுக்குச் சரி, பிள்ளைகளுக்கு வேண்டாம். கடித்துவிட்டால் பிடித்து இழுக்கவோ தீக்குச்சி வைக்கவோ கூடாது. நகத்தைத் தோலோடு ஒட்டி, மெல்லிய முனைக்கு அடியில் நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும், அப்புறம் அகலமான முனை. இரத்தம் உறையாமலிருக்க ஒரு பொருளை அது செலுத்திவிடுவதால் கொஞ்ச நேரம் கசியும். சோப்புப் போட்டுக் கழுவி, பஞ்சு வைத்து அழுத்திக் கட்டுங்கள். தள்ளிய அட்டையை உடனே மிதிக்காமல் லென்ஸில் காட்டினால் அழுதவளே முதலில் குனிந்து பார்ப்பாள்.

பாம்புக்கடி போன்ற அவசரத்துக்குப் பக்கத்தில் புனலூர் தாலுகா ஆஸ்பத்திரி, திரும்பும் வழியில் தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனை. காட்டுக்குள் செல்போன் எடுக்காது, அதனால் டிரைவர் பஸ்ஸை விட்டு எங்கும் போகக் கூடாது.

சாப்பாடு புளியோதரையும் தேங்காய்த் துவையலும், வாழையிலைப் பொட்டலமாக. வாழைப்பழம் வேண்டவே வேண்டாம், ஆரியங்காவிலிருந்தே குரங்குகள் பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கின்றன. காட்டுக்குள் எதுவும் பிரிக்கக் கூடாது, தென்மலைக்குத் திரும்பிவந்து சாப்பிடலாம். கழிப்பறைக்குச் செங்கோட்டையிலும் தென்மலையிலும் நிறுத்துங்கள், பெண் பிள்ளைகள் இருக்கும் பயணத்தில் இதை நேர அட்டவணையிலேயே எழுதுங்கள். பாலருவியைப் பார்க்க நேரமிருந்தால் பார்க்கலாம், நல்ல உயரமான அருவி. ஆனால் இறங்க விட்டால் அன்றைய பாடம் அதோடு முடிந்தது. குளிக்கத்தான் குற்றாலம் இருக்கிறதே.

இருட்டுவதற்குள் கணவாயைத் தாண்டிவிட வேண்டும். இரவில் அந்த வளைவுகளில் லாரிகள் வரிசையாக நிற்கும். பிரானூர் பார்டரில் பரோட்டா வேண்டும் என்று பஸ் முழுக்கக் கேட்கும், மறுத்தால் கலவரம். கடைக்கு மதியமே போன் செய்து நாற்பது பேர் என்று சொல்லி வைத்துவிடுங்கள். நோட்டில் சதுரத்தின் படம், நாற்றுக் கணக்கு, இரண்டு தெர்மாமீட்டர் அளவு மூன்றும் எழுதியிருக்கிறதா என்று நான் பஸ் படியில் நின்று பார்ப்பேன். எழுதியவர்கள் மட்டும் இறங்கலாம். ஆறு நிமிஷத்தில் எல்லா நோட்டும் தயாராகிவிடும்.