முன்புள்ளி கொடுத்து ஆடும் கரம் போட்டிகளில் பங்குபற்றுவோருக்கு

காலபோக நெல் அறுவடையாகி வயல்கள் காய்ந்து கிடக்கும் பங்குனி, சித்திரை மாதங்களில், வன்னியின் சனசமூக நிலையங்களிலும் விளையாட்டுக் கழகங்களிலும் கரம் பலகைகளைத் தூசு தட்டி வெளியே எடுப்பார்கள். பாடசாலை மட்டத்திலும் மாகாண மட்டத்திலும் நடக்கும் போட்டிகளில் எல்லோரும் பூச்சியத்திலிருந்தே தொடங்குவர். ஊர்ப் போட்டியில் நிலைமை வேறு. பதினைந்து வயதுப் பையனும் முப்பது ஆண்டுகளாக ஆடிவரும் அண்ணரும் ஒரே குலுக்கலில் எதிரெதிரே அமர நேர்வதால், வலுக் குறைந்தவருக்குச் சில புள்ளிகளை முன்கூட்டியே எழுதிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கும் முறையைச் சில இடங்களில் கைக்கொள்கிறார்கள். அப்புள்ளிகளை இங்கே முன்புள்ளி என்று குறிப்பிடுகிறேன். முன்புள்ளி எழுதப்பட்ட கணத்திலிருந்து இருவரும் ஒரே பலகையில் இரண்டு வெவ்வேறு கணக்குகளுக்கு ஆடுகிறார்கள். அந்தக் கணக்கை அறியாமல் தோற்றவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். நானும் அவர்களுள் ஒருவன்.

1988 இல் சென்னையில் தொடங்கப்பட்ட சர்வதேச கரம் சம்மேளனத்தின் விதிகளின்படி, ஓர் ஆட்டம் 25 புள்ளிகளுக்கு அல்லது 8 போர்ட்டுகளுக்கு ஆடப்படுகிறது. காய்களை அடுக்கித் தொடங்கி, ஒருவர் தம் காய்களை எல்லாம் குழியில் வீழ்த்தும்வரை ஆடும் ஒரு சுற்றே போர்ட். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதில் ஆட்டம் முடிகிறது. மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்பவரே போட்டியில் வென்றவர். ஒரு போர்ட்டை வென்றவருக்கு, எதிராளியின் காய்கள் பலகையில் எத்தனை மிஞ்சியிருக்கின்றனவோ அத்தனை புள்ளிகள் கிடைக்கும். சிவப்புக் காயையும் அவரே மூடியிருந்தால், அதாவது அதை வீழ்த்தி அதே அடியிலோ அடுத்த அடியிலோ தம் காய் ஒன்றையும் வீழ்த்தியிருந்தால், மேலும் 3 புள்ளிகள் சேரும். ஆகவே ஒரு போர்ட்டில் ஒருவர் பெறக்கூடிய ஆகக்கூடிய புள்ளி, எதிராளியின் 9 காய்களுக்கும் சிவப்புக்குமாக, 12. முன்புள்ளியின் அளவு சரியா என்று தீர்மானிப்பதற்கு இந்த எண்ணே அளவுகோல். 12 முன்புள்ளி பெற்றவருக்கு இன்னும் 13 வேண்டியிருப்பதால், 25 ஐ எட்ட அவர் குறைந்தது இரண்டு போர்ட்டுகளாவது வெல்ல வேண்டும். 13 கொடுத்தாலோ ஒரே போர்ட்டில் ஆட்டம் முடிந்துபோகும் வாய்ப்பு உண்டாகிறது. அதனால் 25 புள்ளி ஆட்டத்தில் 12 க்கு மேல் கொடுப்பது விளையாட்டைக் கெடுக்கும் என்பது என் கருத்து. அவ்வளவு தர வேறுபாடு இருக்குமாயின் அந்த இருவரையும் வேறு வேறு பிரிவுகளில் ஆடவிடுவதே நல்லது.

பெயர் கொடுக்கும்போதே ஏற்பாட்டாளர்களிடம் சில விடயங்களைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். தரத்தை யார், எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள், முதற்சுற்றில் கொடுத்த முன்புள்ளி இறுதிவரை மாறாதா, இரட்டையர் ஆட்டத்தில் இரு கூட்டாளிகளின் தரத்தை எப்படிச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள் என்பவை எல்லோரும் கேட்கும் கேள்விகள். பெரும்பாலானோர் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு. 22 புள்ளிகளை எட்டியவருக்குச் சிவப்புக் காயின் 3 புள்ளிகள் கிடைக்காது என்பது விதி. முன்புள்ளியும் அந்த 22 இல் சேர்கிறதா, அல்லது ஆடி எடுத்த புள்ளிகளை மட்டுமே கணக்கில் கொள்கிறார்களா?

பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு போட்டியில் எனக்கு 8 முன்புள்ளி தந்திருந்தார்கள். ஆடி எடுத்தது 14. தாளில் 22 என்று இருந்தது. அடுத்த போர்ட்டில் சிவப்பை மூடி, எதிராளியின் இரண்டு காய்கள் மிஞ்சியிருக்க வென்றேன். ஐந்து புள்ளிகளுடன் ஆட்டம் முடிந்தது என்று நினைத்து எதிராளிக்குக் கை கொடுக்க எழுந்தபோது, நடுவர் 2 புள்ளிகளை மட்டும் சேர்த்து 24 என்று எழுதினார். என் புள்ளி 14 தான் என்று நான் வாதிட்டேன். தாளில் இருப்பது 22 என்று அவர் சொன்னார். இதுபற்றி முன்னரே எவரும் அறிவிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மனம் குழம்பிய நிலையில் அடுத்த இரண்டு போர்ட்டுகளையும் இழந்து ஆட்டத்தையும் இழந்தேன். தாளில் உள்ள மொத்தப் புள்ளியையே 22 க்கும் கணக்கில் எடுப்பது குழப்பமற்ற முறை என்று இப்போது நானும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அது முதல் ஆட்டம் தொடங்குமுன் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லப்பட வேண்டும்.

தரத்தைச் சொல்லும்போது உண்மையைச் சொல்லுங்கள். வேறு ஊரில் வெற்றிக் கேடயம் வாங்கியதை மறைத்து, புதியவர் என்று பதிந்து 8 புள்ளி பெற்றுக்கொள்பவர் முழுப் போட்டியையும் பழுதாக்குகிறார். அப்படிச் செய்பவர்கள் மீது எனக்கு மதிப்பில்லை.

இனி ஆட்டத்துக்கு வருவோம். முன்புள்ளி கொடுப்பவர் முதலில் உணர வேண்டியது, போர்ட்டுகளை வென்றால் மட்டும் போதாது என்பதை. பில்லியட்ஸ் வகையைச் சேர்ந்த பூல் விளையாட்டிலும் இத்தகைய போட்டிகள் உண்டு. அங்கே வல்லவர் ஐந்து ஆட்டங்களையும் மற்றவர் மூன்று ஆட்டங்களையும் வெல்ல வேண்டும் என்பதுபோல் ஆட்டங்களின் எண்ணிக்கையில் வேறுபாடு வைப்பார்கள். கரத்தில் வேறுபாடு புள்ளிகளில் இருப்பதால் ஒவ்வொரு வெற்றியின் அளவும் முக்கியமாகிறது. 8 முன்புள்ளி கொடுத்தவர் எட்டு போர்ட்டுகளில் ஐந்தைத் தலா 4 புள்ளிகளால் வென்றால் அவருக்கு 20. எதிராளி மூன்றைத் தலா 4 புள்ளிகளால் வென்றால் 12 உடன் 8 சேர்ந்து அவருக்கும் 20. ஐந்துக்கு மூன்று என்று வென்றும், மேலதிகமாக ஒரு போர்ட் ஆடவேண்டிய நிலை வந்துவிடுகிறது. எனவே கொடுப்பவர் தமக்குத் தொடக்க அடி கிடைக்கும் போர்ட்டுகளில் பெரிய வெற்றிக்கு முயல வேண்டும். அப்போது வெள்ளைக் காய்களை ஒய் எழுத்தைப்போல மூன்று கிளைகளாக அடுக்கும் வாய்ப்பு அவருக்கு இருக்கிறது. நடுவிலுள்ள காய்க் கொத்து முதலடியிலேயே நன்றாகத் திறக்கும்படி அடித்து, எதிராளி தம் காய்களைக் குறைக்குமுன் சிவப்பை எடுத்து மூடி முடித்துவிடுவதே அவருக்குரிய வழி. காத்திருந்து கவனமாக ஆடும் பழக்கம் பூச்சியத்தில் தொடங்கும் ஆட்டத்துக்குப் பொருந்தலாம். இங்கே அது வெற்றியைச் சிறிதாக்கிவிடும்.

முன்புள்ளி பெறுபவரின் கணக்கு இதற்கு நேர்மாறானது. அவருக்குச் சிறிய தோல்வியும் பயன் தரும். எதிராளிக்கு இரண்டு காய்கள் மட்டும் மிஞ்சி, உங்களுக்கு ஆறு இருக்கும்போது, அந்தப் போர்ட்டை வெல்ல நினைத்து மூலையிலுள்ள கடினமான காயை இரட்டைத் தெறிப்பில் முயலாதீர்கள். நிச்சயமாக விழக்கூடிய காய்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு காயும் எதிராளியின் கணக்கில் ஒரு புள்ளியைக் குறைக்கிறது. எடுக்க எளிய காய் இல்லையெனில், எதிராளியின் காய் செல்லும் குழி வாயிலில் உங்கள் காயைக் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

சிவப்புக் காயைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் பெறுபவருக்கு இதைவிடச் சிறந்த கேடயம் வேறில்லை. சிவப்பை மூடியவர் போர்ட்டை வென்றால் மட்டுமே அதன் 3 புள்ளிகள் எண்ணப்படும். மூடியவர் தோற்றால் அப்புள்ளிகள் ஒருவருக்கும் இல்லை. ஆகவே போர்ட் கைவிட்டுப் போகிறது என்று தெரிந்தபோதும், சிவப்பு எளிதாகக் கிடைக்குமாயின் அதை எடுத்து மூடிவிட வேண்டும். 8 புள்ளித் தோல்வி 5 புள்ளித் தோல்வியாக மாறும். ஓர் ஆட்டத்தில் இரண்டு தடவை இப்படிச் செய்தால் 6 புள்ளிகள் மிஞ்சுகின்றன; 8 முன்புள்ளி பெற்றவருக்கு அது கிட்டத்தட்ட இன்னொரு முன்புள்ளி கிடைத்தது போலத்தான். உங்கள் காய் ஒன்றாவது முன்னரே விழுந்திருக்க வேண்டும் என்பதையும், சிவப்பு விழுந்த அதே அடியிலோ அடுத்த அடியிலோ அதை மூட வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். மூடுவதற்கு ஒரு காயைக் கண்ணில் குறித்துக்கொள்ளாமல் சிவப்பைத் தொடக்கூடாது. காய்களை அடிக்கும் வட்டான ஸ்ரைக்கரைக் குழியில் விழுத்தி, அபராதமாகத் தம் காயைப் பலகைக்குத் திருப்பிக் கொடுப்பது இருவருக்கும் கேடுதான். ஆயினும் புள்ளிகளைத் துரத்தும் கொடுப்பவருக்கே அது கூடுதலாக வலிக்கும்.

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் பலகை ஒத்துழைக்க வேண்டும். வன்னியின் பருவங்கள் பலகையை எப்படி மாற்றுகின்றன என்பதை வெளியூரிலிருந்து ஆட வருபவர்கள் அறிவதில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரியில் ஒட்டுப்பலகை ஈரத்தை இழுத்துக்கொள்கிறது, பவுடர் திரள்கிறது, காய்கள் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. சர்வதேச விதியின்படி நல்ல பலகையில் பலமாக அடித்த 15 கிராம் ஸ்ரைக்கர் பலகையின் நீளத்தை மூன்றரைத் தடவை கடக்க வேண்டும். பயிற்சி அடிகளின்போது இதைச் சோதித்துப் பாருங்கள். இரண்டு தடவையைத் தாண்டாவிட்டால், தெறித்து வரும் அடிகளை மறந்து நேரடி அடிகளையே நம்புங்கள். நல்ல அடிகாரரின் நுட்பங்கள் பாதி பயனற்றுப் போவதால், ஈரப் பலகை பெரும்பாலும் முன்புள்ளி பெறுபவருக்கே சாதகம். வைகாசிக்குப் பின்னர் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எல்லாம் தலைகீழாகிவிடும். பலகை எலும்புபோல் காய்ந்து, மெல்லத் தொட்ட காயும் எதிர்ச்சுவர் வரை ஓடும். அரைச்சுவர் மண்டபங்களுக்குள் செம்மண் தூசு வந்து படிவதால், ஒவ்வொரு போர்ட் முடிந்ததும் துணியால் துடைக்கும்படி நடுவரிடம் கேளுங்கள்.

நாணயச் சுண்டலில் வென்றவர் தொடக்க அடியையோ அமரும் பக்கத்தையோ தெரிவு செய்யலாம். பலகைக்கு நேர் மேலே விளக்குத் தொங்கினால் தொடக்க அடியைக் கேளுங்கள். விளக்கு ஒரு பக்கமாக இருந்து உங்கள் கையின் நிழல் காயில் விழுமாயின், பக்கத்தைத் தெரிவது அதிக பயன் தரும். மழைக்குப் பிந்திய இரவுகளில் ஈசல்கள் பலகையில் விழும். அவை நீக்கப்படும்வரை அடிக்காதீர்கள்.

சொந்த ஸ்ரைக்கர் கொண்டுசென்றால் அது 15 கிராமுக்கு மேற்படாமலும் விட்டம் 4.13 சென்ரிமீற்றரைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். சில இடங்களில் பவுடராகப் போரிக் அமிலம் பயன்படுத்தப்படுவதால், சாப்பிடுமுன் கைகளை நன்றாகக் கழுவுங்கள். சிறுவர்கள் அதை வாயில் வைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு போர்ட் முடிந்ததும் புள்ளித்தாளைப் பார்த்து, முன்புள்ளி முதல் வரியில் எழுதப்பட்டிருக்கிறதா, மொத்தம் சரியாகக் கூட்டப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். இரண்டாவது ஆட்டம் தொடங்கும்போது முன்புள்ளியை மீண்டும் எழுத மறந்துவிடுவது ஊர்ப் போட்டிகளில் அடிக்கடி நடக்கும் தவறு. முதல் அடிக்கு முன்னர் சொன்னால் ஒரு கணத்தில் திருத்திவிடலாம். மூன்றாவது போர்ட்டில் சொன்னால் அது வாக்குவாதமாகிவிடும். கையொப்பம் இட்ட பின்னர் கேட்பதற்கு ஒன்றும் இராது.